எங்க ஸ்கூல் உடுப்பு

ரவாங்கிலிருந்து கோல சிலாங்கூருக்குப் போகும் பஸ் ஒரு வளைவில் திரும்பும்போது, இடது பக்கம் அந்த இடைநிலைப்பள்ளி தெரியும். பச்சைக் கூரை, நீளமான மாடிக் கட்டடம், முன்னால் ஒரு திடல். மற்ற பள்ளிக்கூடங்களைப் போலத்தான் இருக்கும். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு பஸ்ஸில் போனால் அதைப் பார்க்காமல் தாண்ட முடியாது. தூங்கிக்கொண்டிருந்தாலும் தோளைத் தட்டி எழுப்பிவிடுவாள்.

"அத்தை, அத்தை, பாருங்க. எங்க ஸ்கூல்!"

பெருநாள் விடுமுறையாக இருக்கும். கேட் பூட்டிக் கிடக்கும். திடலில் மாடு மேயும். அப்போதும் பார்த்தாக வேண்டும். முன் சீட்டிலிருந்து அவள் அப்பா திரும்பி, "நல்லா பாத்துக்குங்கக்கா. அந்த மேல் மாடிக்கு நான்தான் சிமெண்டு குழைச்சுக் குடுத்தேன்" என்பார்.

"அப்பா, பொய் சொல்லாதீங்க லா!"

பஸ்ஸே சிரிக்கும். எனக்குக் கூச்சமாகிவிடும். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேன். அங்கேயும் அந்தப் பள்ளிக்கூடம்தான் இருக்கும்.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. இப்போது எங்கேயோ பிள்ளையோடு இருக்கிறாள். நாலு பேர் படிக்கிற இடத்தில் அவள் பெயர் வருவதை விரும்புவாளோ என்னவோ.

எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அப்போது தமிழ்க் குடும்பங்கள் மூன்றுதான் மிச்சம். மற்ற வீடுகளில் வங்காளதேசத்துப் பையன்கள். அவள் வீடும் என் வீடும் ஒட்டிக்கொண்டு இருக்கும். நடுவில் ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அவள் அப்பா எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை வெட்டுகிறவர். அம்மா கோல சிலாங்கூரில் மீன் சாப்பாட்டுக் கடை ஒன்றில் பாத்திரம் கழுவப் போவாள். அதனால் பள்ளி விட்டு வந்தால் அந்தப் பிள்ளை சாயந்திரம் வரை என் அடுப்படியில்தான். நானும் வேலை செய்து ஓய்ந்து, புருஷனையும் கொடுத்துவிட்டு, மகனும் வெளியூர் வேலைக்குப் போய்விட்டதால் தனியாக இருந்தவள். தமிழ்ப்பள்ளியில் ஆறாவதோடு நின்றுபோனேன். இடைநிலைப்பள்ளி என்றால் எனக்குக் கோர்ட்டு, போலீஸ் ஸ்டேசன் மாதிரி. வெளியே நின்று பார்க்கிற இடம்.

அவள் படிப்பில் கெட்டிக்காரி இல்லை. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மலாய்மொழியில் தேறாமல், புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் கூடுதலாக உட்கார்ந்துதான் ஏழாம் வகுப்பான படிவம் ஒன்றுக்குப் போனாள். போன பிறகும், மார்க்கு வரிசைப்படி பிரிக்கிற வகுப்புகளில் எந்த வருஷமும் கடைசி வகுப்புதான். அந்த வகுப்பு கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்ததாம். அதையும் குறையாகச் சொல்ல மாட்டாள்.

"எங்க வகுப்பு ஜன்னல்லேர்ந்து பாத்தா திடல் முழுசா தெரியும் அத்தை. முதல் வகுப்புக்காரங்களுக்கு வெறும் சுவருதான்."

பள்ளிப் பாட்டு முழுவதும் எனக்குத் தெரியும். அர்த்தம் பாதிதான் தெரியும். அவள் தட்டு கழுவும்போதும் தலை பின்னும்போதும் அதைத்தான் பாடுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டே வாய்க்குள் பாடியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் விட அவளுக்கு அந்த உடுப்பு. வெள்ளைச் சட்டை, அதற்கு மேல் இளநீலக் கவுன், நெஞ்சில் பள்ளிச் சின்னம். அந்த உடுப்போடு கடையில் உட்கார்ந்து சாப்பிட மாட்டாள். ரோட்டோரம் ஐஸ் வாங்கித் தின்ன மாட்டாள். குந்தி உட்காரக்கூட மாட்டாள். சண்டையும் போட மாட்டாள். ஒருநாள் லயத்துக் கடைசி வீட்டுப் பையன், அவள் பள்ளி வேனிலிருந்து இறங்கி வரும்போது, "ஓய், கடைசி வகுப்பு மகாராணி" என்று கேலி செய்தான். அவள் நின்றாள்.

"இங்கயே நில்லு. ஓடிடாத. உடுப்பு மாத்திட்டு வரேன்."

அந்த முட்டாளும் நின்றான். அவள் வீட்டுக்குள் போய், கவுனைக் கழற்றி, ஆணியில் மாட்டி, பழைய டீசட்டையும் சிலுவாரும் போட்டுக்கொண்டு வந்து, கன்னத்தில் ஒன்று விட்டாள். அவள் அப்பா வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏன்டா தம்பி, அவ மாத்துற நேரத்துல நீ ரவாங்குக்கே ஓடியிருக்கலாமே லா!"

அழுவதும் அப்படித்தான். பரீட்சையில் மார்க் குறைந்த நாளில் உதட்டைக் கடித்துக்கொண்டு வருவாள். உள்ளே போய் மாற்றிக்கொண்டு, அப்புறம் என் அடுப்படிக்கு வந்து, தரையில் உட்கார்ந்து, ஒரு பாட்டம் அழுவாள். நான் கேட்டேன், "வந்ததும் அழுதுட வேண்டியதுதானே, எதுக்கும்மா அடக்கி வெச்சிக்கிட்டு?"

"உடுப்போட அழுதா எங்க ஸ்கூல் பேரு என்னாகும் அத்தை?"

"இந்த லயத்துல யாரு பாக்கப் போறா?"

"நான் பாக்குறேன்ல."



பெற்றோர் வந்து ரிப்போர்ட் கார்டு வாங்க வேண்டிய நாள் ஒன்று வரும். ஒரு வருஷம் அவள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் லீவு கிடைக்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கேட்டுக்குள் கால் வைக்கும் முன் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவள் தன் சொந்த வீட்டைக் காட்டுவதுபோல் காட்டினாள். இது மண்டபம். இது அறிவியல் கூடம், உள்ளே ஒரு எலும்புக்கூடு இருக்கிறது, பயப்படாதீங்க. இது நூலகம், சப்பாத்தைக் கழற்றணும். மண்டபத்துச் சுவரில், நன்றாகத் தேறியவர்களின் பெயர்களைத் தங்க எழுத்தில் எழுதிய பெரிய பலகை ஒன்று. அதன் கீழ் கொஞ்ச நேரம் நின்றாள்.

"இதுல என் பேரு வராது அத்தை. ஆனா இதைத் துடைக்கிறது எங்க வகுப்புதான். எப்படி மின்னுது பாருங்க."

வகுப்பாசிரியர் சீன ஆண்பிள்ளை, நல்ல மாதிரி. அவளை நிமிர்ந்து பார்த்து, யோசித்து, கடைசியில் பெயரை அவளிடமே கேட்டுத்தான் கார்டை எடுத்துக் கொடுத்தார். நான் கார்டை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்கு ஒன்றுமில்லை. வெளியே வந்ததும், "ஆயிரத்துக்கு மேல பிள்ளைங்க அத்தை. அவ்வளவு பெரிய ஸ்கூலு. எப்படி ஞாபகம் இருக்கும்?" என்றாள். அதுவும் ஒரு பெருமை.

கடைசிப் பரீட்சை எழுத வேண்டிய படிவம் ஐந்துக்கு வந்த வருஷம்தான் அது நடந்தது. விளையாட்டு விழாவில் பள்ளிக் கொடியைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஒரு ஆள் நடக்க வேண்டும். எப்போதும் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் அது. அந்த வருஷம் புதிதாக வந்த மலாய் டீச்சர், நடைப்பயிற்சியில் இவள் நடப்பதைப் பார்த்துவிட்டு இவளைக் கூப்பிட்டுவிட்டார்.

அன்றைக்கு அவள் உடுப்பு மாற்றவில்லை. அப்படியே ஓடி வந்து என் வாசலில் நின்றாள். "கொடி... அத்தை... கொடி" என்றாள். யாரோ செத்துவிட்டார்கள் போல என்று பயந்துபோனேன்.

அப்புறம் ஒவ்வொரு சாயந்திரமும் பயிற்சிதான். அப்பாவின் குலை வெட்டும் கம்பை எடுத்து, அரிவாளைக் கழற்றி வைத்துவிட்டு, அதைக் கொடிக் கம்பாகப் பிடித்துக்கொண்டு செம்மண் ரோட்டில் நடப்பாள். அந்த மனுசன் வேலை முடிந்து வந்த அலுப்போடு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் கையை வீசி நடப்பார். வங்காளதேசத்துப் பையன்கள் வாசலில் நின்று கை தட்டுவார்கள். ஒருநாள் என்னையும் இழுத்துவிட்டாள்.

"கையை இப்படி மடக்குங்க அத்தை. கட்டை விரல் மேல இருக்கணும். நிமிந்து நடங்க."

"போம்மா, எனக்கு வெக்கமா இருக்கு."

"அக்காவை விடு புள்ள," என்றார் அவள் அப்பா. "அவங்க நிமிந்து நடந்தா, குனிஞ்சு வேலைய பாருன்னு மண்டோர் வந்துருவான்னு பயம்."

கொடி பிடிக்க வெள்ளைக் கையுறை வேண்டும். பள்ளியிலிருந்து ஒரு ஜோடி கொடுத்திருந்தார்கள். துவைத்து என் வீட்டுத் துணிக்கொடியில்தான் காயப் போட்டாள். அவர்கள் கொடியில் அப்பாவின் வேலைத் துணி கறையோடு தொங்குமாம். அப்பா விழா நாளுக்கு லீவு கேட்டு வாங்கிவிட்டார். பாசாரில் ஒரு புதுச் சட்டையும் வாங்கிவிட்டார். "கொடியைப் பாக்க வரல, கொடி பிடிக்கிற ஆள் தூங்கிட்டே நடக்குறாளான்னு பாக்க வரேன்" என்பார்.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, குலைகளை அடுக்குகிற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை.

பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பிப் பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். லயத்து வாசலில் இறங்கினாள். கூடம் நிறைய ஆட்கள். நடுவில் அப்பாவைக் கிடத்தியிருக்கிறது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "பாத்தியாம்மா, உங்கப்பாவைப் பாத்தியா" என்று கத்துகிறாள். பிள்ளை ஒரு சொட்டு அழவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கால்மாட்டைச் சுற்றி ஒதுங்கி, உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"என்னடி இது, கல்லு மாதிரி போறா" என்றாள் உலு யாமிலிருந்து வந்திருந்த அவளுடைய சித்தி. எனக்கு மட்டும் தெரிந்தது. நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். கதவு திறந்தது. பழைய டீசட்டையில் வந்தாள். வந்து அப்பா மேல் விழுந்தாள். அதற்கப்புறம் அவளைப் பிரித்து எடுக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

பால் தெளித்து முடிந்த மறுநாள் விளையாட்டு விழா. சித்தியோடு வந்திருந்த சித்தப்பா சொல்லிவிட்டார், கருமாதி முடியும்வரை பொம்பளைப் பிள்ளை வாசலைத் தாண்டக் கூடாது என்று. அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் வழக்கம் அது.

காலையில் சாமான் வாங்க சித்தப்பாவும் சித்தியும் பட்டணம் போன நேரம், என் பின்வாசலில் நிழல் தெரிந்தது. உடுப்பில் நின்றாள். தலையை இழுத்துப் பின்னியிருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அம்மா போகச் சொல்லிட்டாங்க அத்தை. அப்பா லீவெல்லாம் கேட்டு வெச்சாரு. நான் நடக்கலன்னா அது வீணாத்தான் போவும். நீங்க கூட வர்றீங்களா?"

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா இருமுவது கேட்டது. நான் சேலையை மாற்றிக்கொண்டேன். செம்பனை மரங்களுக்கு நடுவே குறுக்கு வழியில் நடந்து, பெரிய ரோட்டுக்கு வந்து, பஸ் ஏறினோம். வழி முழுக்க அவள் கைகள் மடியில் மடங்கியிருந்தன. கட்டை விரல் மேலே.

திடலில் கூடாரங்கள், பாட்டு, சிவப்பு நீலம் மஞ்சள் பச்சை என்று சட்டைகள். அந்த மலாய் டீச்சர் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். "கெசியான், கெசியான்" என்று மலாயில் பரிதாபப்பட்டு அவளைக் கட்டிக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர். அவளை ஆறுதலாகத் தட்டிக்கொடுத்துக்கொண்டே சொன்னார். என் தோட்டத்து மலாய்க்கும் அது புரிந்தது. நீ எதையும் நினைத்துக் கவலைப்படாதே. கொடியை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டோம். நீ இந்த நேரத்தில் வரவே வேண்டியதில்லை. உட்கார்ந்து பார்.

அவள் "சரி டீச்சர், நன்றி டீச்சர்" என்றாள். ஏற்கெனவே மாட்டியிருந்த கையுறையைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டாள்.

முதல் வகுப்பைச் சேர்ந்த உயரமான பெண் ஒருத்தி கொடி பிடித்துப் போனாள். நன்றாகத்தான் நடந்தாள். இவள் எழுந்து நின்றாள். எல்லாரும் பள்ளிப் பாட்டைப் பாடினார்கள். இவளும் பாடினாள். கொடி எங்களைத் தாண்டும்போது இவள் கால் இருந்த இடத்திலேயே இடம், வலம் என்று தூக்கி வைத்ததைப் பக்கத்தில் இருந்த நான் மட்டும் பார்த்தேன்.

ஓட்டங்கள் எல்லாம் முடிந்து, பரிசு கொடுக்கும் நேரம். ஒலிபெருக்கியில் அவள் பெயர் வந்தது. தகப்பன் பெயரோடு முழுப் பெயர்.

"அத்தை, கூப்பிடுறாங்க!" என்று என் கையைப் பிடித்தாள். அன்றைக்கு முதல் முறையாக அவள் முகத்தில் வெளிச்சம். "முடிவுல கொடியை இறக்கி உள்ள கொண்டு போவாங்க. அதுக்காத்தான் இருக்கும். டீச்சர் மறக்கல பாருங்க!"

கையுறையை எடுத்து மாட்டினாள். விரல் ஒவ்வொன்றாக இழுத்துச் சரி செய்தாள். திடலின் குறுக்கே நிமிர்ந்து, கையை வீசி, அணிவகுப்பு நடையிலேயே மேடைக்குப் போனாள். ஆயிரம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஒரு பெரியவர் எழுந்து, காசு வைத்த வெள்ளைக் கவர் ஒன்றை அவளிடம் நீட்டினார். இரண்டு பேர் அரிசி மூட்டையும் எண்ணெயும் பிஸ்கட் டின்னும் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தார்கள். தகப்பனை இழந்த வசதி குறைந்த மாணவிக்குப் பள்ளியின் உதவி என்று ஒலிபெருக்கி சொன்னது. எல்லாரும் கை தட்டினார்கள். நல்ல மனசோடுதான் தட்டினார்கள். படம் எடுப்பவர், கவரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். சிரிக்கச் சொன்னார்.

பள்ளி சொன்னால் அவள் கேட்பாள். சிரித்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அரிசி மூட்டை எங்கள் காலுக்கு நடுவே இருந்தது. வளைவு வந்தது. அவள் எனக்கு எதையும் காட்டவில்லை. நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முதுகைத் தடவினேன். மரக்கட்டையைத் தடவியது போல் இருந்தது.

நாங்கள் லயத்துக்கு வருவதற்குள் அந்தப் படம் வந்து சேர்ந்திருந்தது. பள்ளியின் ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார்களாம். யாரோ பார்த்து யாருக்கோ அனுப்பி, சித்தப்பாவின் கைப்பேசிக்கு வந்துவிட்டது. வாசலிலேயே நின்றார். கைப்பேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அப்பன் செத்த சூடு ஆறல. பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குற. ஊரு உலகத்துக்கே பிச்சை வாங்கிக் காட்டியிருக்கியே! எங்களுக்கெல்லாம் கை கால் இல்லையா?"

அவள் படத்தைப் பார்த்தாள். பெரிதாக்கியும் பார்த்தாள். கவரைப் பிடித்திருக்கும் அந்த வெள்ளைக் கையுறையை, சிரிக்கும் வாயை, பின்னால் பறக்கும் கொடியை.

"இருங்க சித்தப்பா," என்றாள். "உடுப்பு மாத்திட்டு வந்துர்றேன். அப்புறம் ஏசுங்க."

உள்ளே போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. சித்தப்பா ஏசி ஏசி ஓய்ந்துபோனார். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு அழுதது வேறு. இது வேறு.

அதற்குப் பிறகு அவள் பள்ளிக்குப் போகவில்லை. கருமாதி முடிந்தது, வேன் வந்து ஹார்ன் அடித்தது, போய்விட்டது. அந்த மலாய் டீச்சர் தானே காடி ஓட்டிக்கொண்டு லயம் வரைக்கும் வந்தார். அவள் என் வீட்டுக் குளியலறையில் ஒளிந்துகொண்டாள். டீச்சர் அவள் அம்மாவிடம் பரீட்சையைப் பற்றிச் சொல்லிப் பார்த்தார், சொல்லிப் பார்த்து அழுதுவிட்டுப் போனார். பிள்ளை உடுப்பைத் துவைத்து இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியிருந்தாள். அது அங்கேயே தொங்கியது. நெஞ்சுச் சின்னத்துக்கு மேல் சிலந்தி கூடு கட்டியது.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "ஏம்மா, அவங்க நல்லதுதானே செஞ்சாங்க?"

"நல்லவங்கதான் அத்தை. ஒரு குத்தம் சொல்ல முடியாது," என்றாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "குத்தம் இருந்தா சண்டை போட்டுட்டு மறுநாள் போயிருப்பேன். அது எங்க ஸ்கூல்னு நான்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன். அவங்க என்னை உதவி வாங்குற வீட்டு ஆளாத்தான் பாத்திருக்காங்க. அங்க போய் நான் எந்த மூஞ்சியோட உக்கார?"

பரீட்சை வந்தது, போனது. அவள் ரவாங் பக்கம் பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்குப் போனாள். அடுத்த வருஷம் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அவர்கள் ஒரு பக்கம் போனார்கள். நான் பெஸ்தாரி ஜெயாவில் மகன் வாடகைக்கு எடுத்த வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போன வருஷம் கிளினிக்குக்குப் போகும்போது பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். "அத்தை!" என்று அவள்தான் கூப்பிட்டாள். உடம்பு பெருத்திருந்தாள். மடியில் ஒரு பெண் குழந்தை, பாலர் பள்ளி உடுப்பில், கையில் ஐஸ்கிரீமோடு. அவள் அம்மா இறந்துவிட்டாளாம். புருஷன் லோரி ஓட்டுகிறானாம். என் சர்க்கரை வியாதியை விசாரித்தாள். எனக்குப் பேச நிறைய இருந்தது.

வளைவு வந்தது. பச்சைக் கூரைக்குப் புதுச் சாயம் அடித்திருந்தார்கள். திடலில் பிள்ளைகள் நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். நான் அவளைப் பார்த்தேன். அவள் பையில் எதையோ தேடினாள்.

"அம்மா, அது என்ன ஸ்கூல்?" என்றது குழந்தை.

"ஏதோ ஒரு ஸ்கூலும்மா."

பஸ் குலுங்கித் திரும்பியதில் ஐஸ்கிரீம் குழந்தையின் நெஞ்சில், சின்னத்தின் மேல் கொட்டி, கீழே விழுந்தது. குழந்தை வாய் விட்டு அழ ஆரம்பித்தது. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அழாத கண்ணு, உடுப்போட..." என்று நான் தொடங்கினேன். வாய் தவறி வந்துவிட்டது.

அவள் என் கையைப் பிடித்தாள்.

"விடுங்க அத்தை. அழட்டும். உடுப்போடயே அழட்டும்."

குழந்தை நன்றாக அழுதது. நான் இறங்குகிற இடம் வரை அழுதது. அவள் தடுக்கவே இல்லை. ஜன்னல் பக்கமும் திரும்பவில்லை. அன்றைக்கு அவள் வீட்டில் போடுகிற சாதாரண உடுப்பில்தான் இருந்தாள். இருந்தும் அவள் அழவில்லை.